‘வல்லவன்’ வெளிவந்த ஆண்டு 2006: ஒரு மறுப்புரை

நீண்ட பதிவு. ஆய்வாளர்களும் தமிழ், மொழியியல் மாணவர்களும் முழுவதும் படித்த பின்னர் மறுக்க வேண்டுகிறேன். மறுப்பை வரவேற்கிறேன்; பாதியில் நிறுத்திவிட்டு எழுதப்படும் மறுப்பை அல்ல.

சென்ற மாதம் என் ஆய்வுச் சுருக்கம் வல்லுநர் ஒருவரின் பார்வைக்குச் சென்று திரும்பியது. ஐந்து இயல்களில் நான்கு ஏற்கப்பட்டிருந்தன. மூன்றாம் இயல் மட்டும் குறுக்குக்கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அவ்வியலின் பொருள், மலேசியாவைச் சேர்ந்த யோகி பி அண்ட் நட்சத்ரா குழுவினரின் முதல் இசைத்தொகுப்பான ‘வல்லவன்’. பக்க ஓரத்தில் மூன்று குறிப்புகள் இருந்தன. ஒன்று, தமிழின் முதல் ஹிப்ஹாப் தொகுப்பு 2012இல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஆகவே இது முன்னோட்டம் மட்டுமே. இரண்டு, இதன் மொழி தரமான தமிழ் அன்று. கலப்புமொழி இலக்கிய ஆய்வுக்குத் தரவாகாது. மூன்று, பழைய திரைப்பாடலின் நகலைப் படைப்பு என்று கொள்ள இயலாது.

அவ்வல்லுநரின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இம்மூன்று குறிப்புகளும் ஒருவருடைய தனிக்கருத்துகள் அல்ல. கருத்தரங்குகளில், நூல் முன்னுரைகளில், தேநீர் இடைவேளைப் பேச்சுகளில் இவற்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் பொதுவெளியில் எழுதுகிறேன்.

முதற்குறிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அது சரிபார்க்கக்கூடிய செய்தி.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973இல் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவ்விசை வட்டாரம் தாண்டிப் பரவ, 1979இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ வழியமைத்தது. மலேசியாவில் போயடிக் அம்மோ என்னும் குழு 1998இல் தன் முதல் தொகுப்பான ‘இட்ஸ் எ நைஸ் நைஸ் ஃபீலிங்’கை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் சொல்லிசை நிகழ்த்திய குழு அது. அக்குழுவில் ஒருவரான யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் இணைந்து தமிழை முதன்மை மொழியாகக் கொண்டு ‘வல்லவன்’ தொகுப்பை 2006இல் வெளிக்கொணர்ந்தார். மறு ஆண்டே, 2007இல், ‘பொல்லாதவன்’ படத்தில் அவர் குரல் ஒலித்தது. ஆதியும் ஜீவாவும் இணைந்த ஹிப்ஹாப் தமிழாவின் முதல் தொகுப்பான ‘ஹிப்ஹாப் தமிழன்’ 2012இல் வந்தது. இரண்டுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

பிறகு எவ்வாறு 2012 ‘முதல்’ ஆயிற்று? ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பை ‘இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் தொகுப்பு’ என்று அறிமுகப்படுத்துவதே பரவலான வழக்கம். அத்தொடரில் ‘இந்தியாவின்’ என்பது எல்லையைக் குறிக்கும் அடை. அடையை நீக்கினால் பொருள் விரிந்துவிடும் என்பது மொழியியல் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் ஒரு கட்டுரையிலிருந்து மறு கட்டுரைக்கு மேற்கோள் தாவும்போது அந்த அடை உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததை எவரும் உணர்வதில்லை. காரணம், அதை எழுதுபவர்க்கும் படிப்பவர்க்கும் ‘தமிழ்’ என்றாலே ‘தமிழ்நாடு’ என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட முற்கோள். நான் குறைகூறுவது அந்த இசைக்கலைஞர்களை அன்று. ஆண்டைச் சரிபாராமல் ஆய்வுரை எழுதியவர்களை.

‘முதல் எது என்பது சிறிய செய்தி, அதற்கு இவ்வளவு சினம் வேண்டுமா’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். சங்க இலக்கியத்தின் காலத்தை ஒரு நூற்றாண்டு பின்தள்ளினால் நாம் சினம் கொள்வதில்லையா? கல்வெட்டு ஒன்றின் எழுத்தமைதி கொண்டு அதன் காலத்தைக் கணிக்க நூறு பக்கம் வாதிடுவதில்லையா? அங்கே காலம் பெருஞ்செய்தி. கோலாலம்பூர் இளைஞர்கள் விஷயத்தில் மட்டும் அது சிறுசெய்தி. இந்த இரட்டை அளவுகோலையே மறுக்கிறேன்.

மேலும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த இடம் சென்னை அன்று, மதுரை அன்று; கோலாலம்பூர். ஆண்டு 1966. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த தனிநாயகம் அடிகளின் உழைப்பால் அது நிகழ்ந்தது. சென்னை மாநாடு அதன்பின், 1968இல் நடந்தது. பினாங்கில் தமிழ்க் கல்வி தொடங்கியது 1816இல். இவற்றையெல்லாம் மேடைகளில் பெருமிதத்துடன் சொல்லும் நாமே, அதே மண்ணில் பிறந்த ஓர் இசைத்தொகுப்பை ‘முன்னோட்டம்’ என்று ஒதுக்குகிறோம். மலேசியத் தமிழர் நமக்கு மாநாட்டு மண்டபம் தரலாம். மொழிக்குப் புதிய வடிவம் தரக்கூடாது. இதைவிட நேர்மையற்ற நிலைப்பாடு உண்டா?

இனி இரண்டாம் குறிப்பு: ‘தரமான தமிழ் அன்று.’ இதுவே என்னை மிகவும் புண்படுத்தியது. இதுவே மொழியியல் வகையில் மிகவும் வலுவற்றதும்கூட.

நான் பெருங்கடவிளையைச் சேர்ந்தவள். நெய்யாற்றின்கரை வட்டம், திருவனந்தபுரம் மாவட்டம். கேரளத்துக்குள் இருக்கும் எல்லைப்புறச் சிற்றூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை இப்பக்கமே நின்றது. வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் சந்தையில் இரண்டும் கலந்துமாக மொழியைக் கற்றவர்கள் நாங்கள். என் தந்தை ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் சிரட்டை வைத்துச் செல்பவர்.

மொழியியல் முதுகலைக்காகத் தமிழ்நாட்டில் ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் ‘ஆசிரியர் பறைஞ்சது’ என்றேன். வகுப்பே சிரித்தது. ‘மலையாளம் கலக்காமல் பேசு’ என்று அறிவுரை வந்தது. அன்றிரவு தமிழ் லெக்சிகனைப் புரட்டினேன். ‘பறை’ என்னும் வினைக்குச் சொல்லுதல் என்னும் பொருள் அதிலேயே இருந்தது. எங்கள் ஊரார் சொல்லும் ‘உறங்கு’, ‘நோக்கு’ ஆகியனவும் அவ்வாறே. உங்கள் பேச்சிலிருந்து விலகிப்போன பழஞ்சொற்களை நாங்கள் வைத்திருக்கிறோம். அதைக் கலப்பு என்கிறீர்கள்.

என் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘விளை’ என்பது பயிர்செய்யும் நிலம். களியக்காவிளை தொடங்கிப் பல ஊர்ப்பெயர்களில் அது ஈறாக நிற்கிறது. தமிழில் எழுதும்போது பெருங்கடவிளை. மலையாளப் பெயர்ப்பலகையில் பெருங்கடவிள. தமிழின் ஐகார ஈற்றுக்கு நேராக மலையாளத்தில் அகரம் வருவது அறியப்பட்ட ஒலித்தொடர்பு: தலை, தல, மலை, மல. ஆனால் பேச்சுத்தமிழிலும் ‘தலை வலிக்கிறது’ என்று எவர் ஐகாரத்தை முழுதாக ஒலிக்கிறார்? ‘தல’ என்றுதானே சொல்கிறார்கள், சென்னையிலும் மதுரையிலும்? எழுத்தில் இரண்டாகத் தெரிவது வாயில் ஒன்றாகவே இருக்கிறது. மாநில எல்லையை நில அளவைக் கல் காட்டும். மொழி எல்லையைக் காட்டாது.

எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலான இந்தப் பிளவை ஃபெர்குசன் 1959இல் இரட்டைவழக்கு என்று வகுத்தார். தமிழ் அதற்குத் தலையாய சான்று என்று நாமே பாடம் நடத்துகிறோம். ‘வல்லவன்’ அவ்விரட்டைவழக்கை மேடையாக்குகிறது. பெருமிதம் பேசும் இடத்தில் செந்தமிழ் அடுக்கு வருகிறது. தெருவையும் தோழனையும் பேசும் இடத்தில் பேச்சுத்தமிழ் வருகிறது. நகரத்தின் இன்னொரு முகத்தைக் காட்டும் இடத்தில் ஆங்கிலம் வருகிறது. ஒரு மொழியின் மூன்று படிநிலைகள் ஒரே பாட்டுக்குள் இடம் மாறுகின்றன. இது தற்செயல் அன்று, தேர்வு. தேர்வு இருக்கும் இடத்தில் நடை இருக்கிறது. நடை இருக்கும் இடத்தில் ஆய்வுக்குப் பொருள் இருக்கிறது.

கலப்பு என்பதாலேயே தரம் கெட்டது என்போர்க்கு எங்கள் நிலத்திலிருந்தே ஒரு சான்று. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் லீலாதிலகம் ஒரு கலப்புமொழிக்கு எழுதப்பட்ட இலக்கணம். மணிப்பிரவாளம் என்னும் கலப்பை அது வகைப்படுத்துகிறது. எது நல்ல கலப்பு, எது கெட்ட கலப்பு என்று தரம் பிரிக்கிறது. உடன்வைத்தே ‘பாட்டு’ என்பதையும் வரையறுக்கிறது: தமிழ் எழுத்துகளால் அமைந்து, எதுகையும் மோனையும் பெற்று வருவது. கலப்பை இலக்கணப் பொருளாக ஏற்கும் துணிவு 14ஆம் நூற்றாண்டுக்கு இருந்தது. 21ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர்க்கு இல்லை.

இன்னும் ஒன்று. தென்திருவிதாங்கூரின் இரவிக்குட்டிப்பிள்ளை போர்க் கதைப்பாட்டைத் தமிழறிஞர் தமிழ்க் கதைப்பாடல் என்பர். மலையாள அறிஞர் தெற்கன் பாட்டு என்பர். இரு சாராரும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றனர். அதே கலப்பு மொழியை அப்பாட்டைக் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டுக்காரரின் பேரன் இன்று வகுப்பில் பேசினால் இரு சாராரும் திருத்துகின்றனர். இறந்தவர்களின் கலப்பு இலக்கியம். வாழ்பவர்களின் கலப்பு பிழை.

மூன்றாம் குறிப்பு: ‘நகல்.’ அத்தொகுப்பின் பெயர்பெற்ற பாடலான ‘மடை திறந்து’, இளையராஜா இசையில் 1980இல் வந்த ‘நிழல்கள்’ படப்பாடலின் மீது கட்டப்பட்டது என்பது உண்மை. அதை எவரும் மறைக்கவில்லை. முன்னைய இசைத்தட்டின் ஒரு துண்டை எடுத்துச் சுழலவிட்டு அதன்மேல் புதிய சொல்லை ஏற்றுவது ஹிப்ஹாப்பின் அடிப்படைச் செய்முறை. கூல் ஹெர்க் செய்ததும் அதுவே. அதை நகல் என்று இகழ்வது, வெண்பாவைப் பார்த்து ‘எல்லாம் ஒரே ஓசையாக இருக்கிறதே’ என்று குறைசொல்வதற்கு ஒப்பாகும்.

நம் மரபுக்கு இது புதிதும் அன்று. பாரதியார் தம் தேசியப் பாடல்கள் பலவற்றை வழக்கிலிருந்த மெட்டுகளில் எழுதினார். ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று தலைப்பிலேயே குறித்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டில் கலெக்டர் விஞ்சும் சிதம்பரம் பிள்ளையும் பேசிக்கொண்டார்கள். அடிமையின் பக்திப்பாட்டு மெட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்தபோது பழைய பொருளின் எதிரொலி புதிய பொருளுக்கு வலுச்சேர்த்தது. அதை நகல் என்று எந்த ஆய்வாளரும் எழுதியதில்லை.

‘மடை திறந்து’ விஷயத்திலும் தேர்வு பொருளற்றது அன்று. ‘நிழல்கள்’ வேலையில்லா இளைஞர்களின் படம். அப்பாடல், இசையமைப்பாளனாக விரும்பும் ஓர் இளைஞனின் கனவுக் காட்சி. இளையராஜாவே அதில் தோன்றுகிறார். வாய்ப்பற்றவன் தன் வாய்ப்பைக் கற்பனை செய்யும் பாட்டு. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கடல் கடந்த இளைஞர்கள் மூவர் அதையே எடுத்துத் தங்கள் முதல் தொகுப்பில் வைத்தார்கள். மலேசிய மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏழு விழுக்காட்டை ஒட்டியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, நகர விளிம்புகளுக்குப் பெயர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள். அத்தகைய சமூகத்திலிருந்து வரும் மூவர் ‘வல்லவன்’ என்று தலைப்பிட்டால் அதை வெறும் தற்பெருமை என்று கடந்துவிட முடியாது. தற்பெருமை பேசுவது சொல்லிசையின் மரபு. அதை யார், எந்த இடத்திலிருந்து பேசுகிறார் என்பதே அதன் பொருள்.

இப்பாட்டை நான் முதலில் கேட்டது களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் ஒரு சிற்றுந்தில். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். பின்னர் சித்தப்பா மகன் அண்ணன் தன் கைப்பேசியின் மெமரி கார்டில் அதை ஏற்றிவந்தார். எங்கள் வீட்டின் பின்புறம் ஒட்டுப்பால் காயும் நாற்றத்துக்கு நடுவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். பாடுபவர்களின் முன்னோரும் பால்மரம் வெட்டியவர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தமிழை இவ்வளவு விரைவாக, இவ்வளவு அச்சமின்றிப் பேசலாம் என்பது மட்டும் தெரிந்தது. வகுப்பில் தமிழ் பேசினால் மலையாளப் பிள்ளைகளும், தமிழ்நாட்டுக்குப் போனால் தமிழ்ப் பிள்ளைகளும் சிரிக்கும் ஒரு குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, சிரிக்கப்படாதவர்கள் அறிய வாய்ப்பில்லை.

இது வரை எதிர்த்தரப்பை மறுத்தேன். இனி என் தரப்பு நண்பர்களையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லிசையைக் காக்கப் புறப்படும் தமிழார்வலர் பலர், ‘அருணகிரிநாதரே முதல் ராப் பாடகர், திருப்புகழே முதல் ராப்’ என்கின்றனர். பாராட்டுப்போல் தோன்றும் இக்கூற்று உண்மையில் மறுப்பு. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்றால் எவரும் எதையும் புதிதாகச் செய்யவில்லை என்று பொருள். கருப்பின இளைஞர்கள் பிராங்க்ஸில் ஆக்கியதும் பொய். கோலாலம்பூர் இளைஞர்கள் அதைத் தமிழுக்குள் கொண்டுவர உழைத்ததும் பொய்.

இலக்கண நோக்கிலும் அது தவறு. சந்தப்பாட்டில் குறில் நெடில் அமைப்பு அடிதோறும் மாறாமல் திரும்ப வரவேண்டும். மாறினால் சந்தம் கெடும். சொல்லிசையில் தாளம் மட்டுமே மாறாது. அதன்மேல் ஏறும் அசைகளின் எண்ணிக்கை வரிக்கு வரி மாறும். மாறுவதே அதன் அழகு. முன்னதில் சொல் அச்சுக்குள் வார்க்கப்படுகிறது. பின்னதில் சொல் தாளத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

தொடையிலும் வேறுபாடு பெரிது. தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு என்று தொடைகளை வகுக்கிறது. அவற்றுள் ஈற்றொலி ஒன்றுவதாகிய இயைபு நம் மரபில் எதுகை மோனை அளவுக்குச் செல்வாக்குப் பெறவில்லை. காரணம் மொழியமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வரும். அதன் ஈற்றில் விகுதி வரும். வந்தேன், சென்றேன், வென்றேன் என்று எவரும் முயற்சியின்றி ஈற்றொலி ஒன்றச் செய்யலாம். எளிதாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை. ஆனால் ஹிப்ஹாப்புக்கு வரியிறுதியே உயிர். அப்படியானால் தமிழில் சொல்லிசை எழுதுபவர் என்ன செய்வார்? விகுதியை அடுக்குவது எளிய வழி. பேச்சுத்தமிழ் இசைவு தருவதால் வினைமுற்றுக்குப் பின் வேறொரு சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவது இரண்டாம் வழி. ஆங்கிலச் சொல்லை ஈற்றில் வைத்து அதற்குத் தமிழ்ச் சொல்லை இணையாக்குவது மூன்றாம் வழி. இவற்றோடு வரியின் உள்ளே எதுகையையும் மோனையையும் இழைப்பது நான்காம் வழி. இந்நான்கும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதைக் கொண்டே ஒரு சொல்லிசைஞரின் நடையை அளக்கலாம். என் மூன்றாம் இயல் செய்ய முனைவது இதைத்தான். ‘கலப்பு’ என்று வல்லுநர் அடித்த ஆங்கிலச் சொற்களுள் பல, தொடைச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடைகள்.

இத்தொகுப்புக்கு வழிபாட்டுரை எழுதுவதும் என் நோக்கமன்று. விகுதி அடுக்கும் எளிய வழியில் சறுக்கிய வரிகள் இதிலும் உண்டு. குழுவின் மூவரும் ஆண்கள். ‘வல்லவன்’ என்னும் ஆண்பால் விகுதியும் பொருளற்றதன்று. தமிழ்ச் சொல்லிசையின் பெரும்பகுதிக்கு இன்றும் பொருந்தும் குறை இது. தமிழைக் காக்கப் புறப்பட்ட குரல், பெண் என்ன உடுத்தலாம், எங்கே போகலாம் என்று காவல் காக்கும் குரலாக மாறிவிடுவதை 2011இல் பரவிய ‘கிளப்புல மப்புல’ பாடலில் நாம் கண்டோம். அதைக் கண்டித்துப் பலர் எழுதினர். மொழித்தூய்மை பேசும் நாவுக்கும் பெண்தூய்மை பேசும் நாவுக்கும் தொலைவு குறைவு. இவற்றையெல்லாம் என் இயலில் எழுதியிருந்தேன். ஆனால் குறை சொல்வதற்கும் முதலில் ஒரு பொருளை ஆய்வுக்குரியதாக ஏற்கவேண்டும். அடித்துவிட்ட இயலில் குறையும் சொல்ல முடியாது.

வல்லுநர் சொன்னவற்றுள் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாடல் வரிகளை வழக்கமான எழுத்துமுறையில் தந்திருந்தேன். ஒலிபெயர்ப்பும் தாளக் குறியீடும் இல்லை. காதால் கேட்கவேண்டிய தரவைக் கண்ணுக்கு மட்டும் கொடுத்தது என் பிழை. அதைத் திருத்திவிட்டேன். வரிக்கு நான்கு தட்டு என்று பகுத்து, எவ்வசை எத்தட்டில் விழுகிறது என்று குறித்து, மூன்று பாடல்களை மீண்டும் எழுதியிருக்கிறேன். இப்படியொரு திருத்தம் கேட்கப்பட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கேட்கப்பட்டது திருத்தம் அன்று, நீக்கம்.

இதில் என் பட்டம் மட்டும் பணயமாக இருப்பதாக எண்ண வேண்டா. ‘தரமான தமிழ்’ என்பதன் எல்லையைத் தமிழ்நாட்டின் எழுத்துவழக்கோடு நிறுத்தினால் வெளியே நிற்பவர் யார் யார்? மலேசியர், சிங்கப்பூரர், ஈழத்தவர், மலையகத்தவர், தாராவியினர், நாங்கள். 2005இல் ‘அருளர்’ என்னும் தமிழ்ப்பெயரைத் தன் முதல் தொகுப்புக்குச் சூட்டி ஆங்கிலத்தில் பாடிய மாதங்கி அருள்பிரகாசத்தை எந்தப் பாடத்தில் வைப்போம்? 2018இல் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் சொல்லிசையையும் இணைத்தபோது, அந்தச் சென்னைத் தமிழைத் தரமற்றது என்று ஒதுக்கிய குரலும் இதே குரல்தானே? எல்லை ஒருமுறை வரையப்பட்டுவிட்டால் அது உள்நோக்கி நகரத் தொடங்கும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் தயங்குகின்றனர். ‘அங்கே போனாலும் நம் தமிழைத் தமிழ் என்று ஒப்பமாட்டார்கள், பின்னே எதுக்கு’ என்று என் அத்தையே கேட்டார். அவர் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. கேரள அரசு எங்களைச் சிறுபான்மை என்று சட்டத்திலாவது எழுதிவைத்திருக்கிறது. தமிழ்க் கல்வியுலகம் எங்களை எங்கே எழுதியிருக்கிறது?

எங்கள் ஊரை அடுத்த அருவிப்புரத்தில், நெய்யாற்றங்கரையில், 1888இல் நாராயணகுரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார். தமிழிலும் பதிகம் பாடியவர் அவர். நிறுவும் தகுதி உமக்கு உண்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ்கள்மேல் மிகுந்த மரியாதை இருப்பதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தமிழ்ச் சொல்லிசை பற்றி எழுதுவோர் ஆண்டுகளைச் சரியாக எழுதுங்கள்: 1998, 2006, 2012. ‘இந்தியாவின்’ என்ற அடை இருந்தால் அதை உதிர்க்காதீர்கள். இரண்டாவது, புலம்பெயர் இலக்கியம் என்று பாடத்திட்டத்தில் சிறுகதையும் கவிதையும் வைப்பவர்கள், பாட்டையும் வையுங்கள்; அச்சில் வந்தது மட்டுமே பனுவல் அன்று. மூன்றாவது, இத்தகைய தொகுப்புகளின் குறுந்தகடுகளும் உறைக்குறிப்புகளும் இன்று தனியார் அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கின்றன. நம் காலத்திலேயே வந்த ஒன்றின் ஆண்டையே தவறாக எழுதும் நாம், இன்னும் இருபது ஆண்டு கழித்து என்ன எழுதுவோம்? பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றை வாங்கி வைக்கட்டும்.

என் மூன்றாம் இயலை ஒலிபெயர்ப்புடன் அடுத்த வாரம் மீண்டும் அனுப்புகிறேன். தலைப்பை மாற்றவில்லை. இம்முறை வல்லுநரிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: படிக்குமுன் ஒருமுறை கேளுங்கள். கேட்ட பிறகும் அடிக்கத் தோன்றினால், காரணத்தை ஓரக்குறிப்பாக அல்லாமல் கட்டுரையாக எழுதுங்கள். அதற்கு மறுகட்டுரை எழுதுவேன். ஆய்வு என்பது அதுதானே.